பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை: லேப்டாப் கேள்வி பதில்

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய லேப்டாப், காலையில் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. கடையில் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் ‘மதர்போர்டு போச்சு’ என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, குளச்சல்

பிரிக்காமல், மீட்டர் வைக்காமல் அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. கரண்ட் சுவரிலிருந்து அடாப்டருக்கும், அடாப்டரிலிருந்து ஜாக்குக்கும் (லேப்டாப்பில் சார்ஜர் பின் செருகும் துளை), ஜாக்கிலிருந்து மதர்போர்டு என்ற முதன்மைச் சர்க்யூட் பலகைக்கும் போகிறது. எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று அதே வரிசையில் தேடுங்கள். முக்கால்வாசி வழியை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் அதே பிளக் பாயின்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அடுத்தது, சுவரிலிருந்து அடாப்டர் வரை வரும் கறுப்பு வயர். அடாப்டரில் செருகும் முனை லூசாகிக் கரண்ட் விட்டு விட்டு வருவது சாதாரணம். தனியாகக் கழற்றக்கூடிய வயர் என்பதால் வேறொன்றை மாற்றிப் பார்ப்பது சுலபம்.

உங்கள் அடாப்டரில் சின்ன விளக்கு இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. லேப்டாப்பில் செருகாதபோது எரிந்து, செருகியதும் அணைகிறது என்றால் அடாப்டர் நல்லது. லேப்டாப்புக்குள் ஷார்ட் இருப்பதால் அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம்.

விளக்கு இல்லையென்றால் மல்டிமீட்டர் வேண்டும். டிசி 200 வோல்ட் ரேஞ்சில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் உள் துளையிலும் கறுப்பை வெளி உலோகத்திலும் தொடுங்கள். லேபிளில் 19.5 வோல்ட் என்றிருந்தால் 19க்கும் 20க்கும் இடையே வர வேண்டும். அளக்கும்போதே வயரின் இரு முனைகளையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சும்மா அளக்கும்போது சரியாகக் காட்டும் அடாப்டர், லேப்டாப் இழுக்கும்போது படுத்துவிடுவதும் உண்டு. அதனால் அக்கம்பக்கத்தில் அதே பின், அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் உள்ள அடாப்டர் கிடைத்தால் மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஆம்பியர் கூடினால் கேடில்லை, தேவையானதை மட்டும்தான் லேப்டாப் இழுக்கும். வோல்ட் மாறக் கூடாது.

அடாப்டர் நல்லதென்றால் ரீசெட். சார்ஜர், பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை முழுதாக 30 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். பட்டனைக் கவனித்துப் போர்டை எழுப்பும் சிறு கன்ட்ரோலர் சிப் சில நேரம் உறைந்துபோகும். மிச்ச மின்சாரம் வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல்களில் இது பலிக்காவிட்டால் பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு இதையே செய்ய வேண்டும். லெனோவோவின் சில மாடல்களில் அடியில் ஊசித்துளை ரீசெட் உண்டு.

குளச்சல் என்பதால் இன்னொன்று. கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று ஜாக்கிலும், ரேம் (தற்காலிக நினைவகப் பட்டை) சொருகும் இடத்திலும் பச்சைப் பூவாகப் படியும். டார்ச் அடித்து ஜாக்கின் உள்ளே பாருங்கள். பச்சை தெரிந்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள். தண்ணீர் கலந்த சானிடைசர் கூடாது.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால்தான் போர்டு. அப்போதும் ‘போச்சு’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். “மெயின் லைன் ஷார்ட்டா? 3.3, 5 வோல்ட் வருகிறதா?” என்று கேளுங்கள் (போர்டு தன் பாகங்களுக்காக உள்ளே உருவாக்கும் வோல்ட்கள் இவை). சிப் லெவல் வேலை தெரிந்தவர் பெஞ்ச் பவர் சப்ளையில் (ஓடும் ஆம்பியரைக் காட்டும் மேசைக் கருவி) மாட்டினால், ஆம்பியர் துளியும் ஏறாமல் நிற்கிறதா, எகிறுகிறதா என்று உடனே தெரியும். துளியும் ஏறாவிட்டால் ஜாக்கையோ நுழைவாயிலில் கரண்டை உள்ளே விடும் மாஸ்ஃபெட் என்ற சுவிட்ச் பாகத்தையோ பார்க்க வேண்டும். எகிறினால் எங்கோ ஷார்ட். பல நேரம் அரிசி மணியை விடச் சிறிய ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் காரணமாக இருக்கும். அதற்காக முழு போர்டையும் மாற்றுவது அநியாயம்.

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. இதுவும் பவர் கோளாறுதானா?
– வாசகர், தக்கலை

இல்லை. கரண்ட் போர்டு வரை வந்துவிட்டது. கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் ஓடுகிறது, கோளாறு திரைப் பக்கம். இருட்டறையில் திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? தெரிந்தால் திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்தும் பார்க்கலாம்.

கேப்ஸ் லாக் விளக்கு மாறவே இல்லையென்றால் ரேமைச் சந்தேகியுங்கள். பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்துத் தங்கநிறப் பற்களை அதே ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு முதல் தடவை திரை வரச் சில நிமிடம்கூட ஆகலாம். புதிய லேப்டாப்புகள் ரேமை அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. பொறுக்காமல் அணைத்துவிட்டு ‘இதுவும் சரியாகவில்லை’ என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையும் ஒரு மொழிதான். புதிய டெல் மாடல்கள் பலவற்றில் மஞ்சள் 2, வெள்ளை 3 என்று சிமிட்டினால் ரேம் கண்ணில் படவில்லை என்று பொருள்.

சி டைப் சார்ஜர் உள்ள லேப்டாப். போன் சார்ஜரில் மாட்டினால் ஏறுவதில்லை. போர்ட் போய்விட்டதா?
– மாணவர், மார்த்தாண்டம்

அப்படிச் சொல்லிவிட முடியாது. சி டைப்பில் முதலில் 5 வோல்ட் மட்டுமே வரும். சார்ஜரும் லேப்டாப்பும் பேசி ஒத்துக்கொண்ட பிறகே 20 வோல்ட்டுக்கு ஏறும். போன் சார்ஜர்கள் பல அந்த 20 வோல்ட்டைத் தருவதே இல்லை. லேப்டாப்பின் சார்ஜரில் எழுதியுள்ள வாட் (45, 65, 100) கொண்ட ‘பிடி’ (PD, இப்படிப் பேசி வோல்ட்டை ஏற்றும் முறை) சார்ஜரில் பாருங்கள். 60 வாட்டுக்கு மேல் என்றால் வயரும் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். அந்த வயரின் முனைக்குள் அடையாளச் சிப் இருக்கும், சாதாரண வயரில் இருக்காது. 5 வோல்ட்டிலேயே நிற்கிறதா என்று அறியச் சின்ன சி டைப் மீட்டர் கிடைக்கிறது. சரியான சார்ஜர், சரியான வயரிலும் 5ஐத் தாண்டவில்லை என்றால் அப்போது போர்ட்டையும் அதை நடத்தும் சிப்பையும் பார்க்க வேண்டும்.

இடி வெட்டிய பிறகு லேப்டாப் செத்துவிட்டது. சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தேன்.
– வாசகர், குலசேகரம்

சுவிட்ச் துண்டிப்பது ஃபேஸ் வயரை மட்டும். நியூட்ரல் இணைந்தேதான் இருக்கிறது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளியும் மின்னலுக்கு ஒரு பொருட்டல்ல. மலையோரத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், இன்டர்நெட் மோடத்திலிருந்து வரும் லேன் வயரையும் சேர்த்து. எர்த் சரியில்லாத வீட்டில் ஸ்பைக் பஸ்டரை முழுதாக நம்ப முடியாது, மிகை மின்சாரத்தைத் தள்ளிவிட அதற்கு நிலம் வேண்டும். லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுருக்கென்று கூசுவதும் பெரும்பாலும் எர்த் இல்லாத அறிகுறிதான்.

முதலில் அடாப்டரைச் சோதியுங்கள். அடி அதோடு நின்று, லேப்டாப் தப்பியிருக்கலாம்.

கீபோர்டில் கருப்பட்டிக் காப்பி கொட்டிவிட்டது. துடைத்து, வெயிலில் வைத்து, அரிசியில் புதைத்தும் ஆன் ஆகவில்லை.
– வாசகி, முட்டம்

அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, தூசியைத்தான் போடும். வெயில் காப்பியை உள்ளேயே பாகாக்கி ஒட்டவைக்கும். இனி ஆன் செய்யவே முயல வேண்டாம், சார்ஜரையும் மாட்ட வேண்டாம். ஈரமும் கரண்டும் சேரும்போது செம்புத் தடங்கள் வேகமாக அரிக்கின்றன. பேட்டரி கனெக்டரைக் கழற்றியாக வேண்டும், பட்டனை அணைத்தாலும் சில தடங்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். போர்டைத் தனியாக எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் பசையைக் கரைத்து, பிறகு ஆல்கஹாலில் கழுவி உலர்த்த வேண்டும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. நாள் கடத்தாதீர்கள். பேட்டரி உப்பி, டச்பேட் மேலெழும்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது.

லேப்டாப் போகட்டும், உள்ளே இருக்கும் மகளின் புராஜெக்டை எடுக்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பெரும்பாலும் முடியும். பின்மூடிக்குள் சூயிங்கம் பட்டை அளவில் இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்புப் பட்டையை ஒரு ஸ்க்ரூ கழற்றி எடுத்து, அதற்கான யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். எஸ்எஸ்டி என்விஎம்இ (NVMe) வகையா, சாட்டா (SATA) வகையா என்று பார்த்துப் பெட்டியை வாங்குங்கள். விலை குறைந்த சில மாடல்களில் சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே போர்டை உயிர்ப்பித்தால்தான் வழி. விண்டோஸ் 11 என்றால், சேமித்த தகவல்களைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் சாவி கேட்கலாம். அந்த 48 இலக்கச் சாவி, பெரும்பாலும் மகள் லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து முதலில் சாவியை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஸ்க்ரூவைத் தொடுங்கள்.