காப்பிக்காட்டை அடகு வைத்து எம்.பி.ஏ. வேண்டாம்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து தந்தை ஒருவர் தம் மகளின் மேற்படிப்பைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சேலம், தருமபுரிப் பக்கத்து மலைகளில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்த குடும்பம் (கேரளத்தவர் அல்லர்). மகள் சேலத்தில் தாவரவியல் இளங்கலை முடித்திருக்கிறார். பழங்குடி மக்களின் மேம்பாட்டையே முதுகலைப் பாடமாகப் படிக்க விரும்புகிறார்; அதற்காகக் கனடாவில் உள்ள ஒரு படிப்பையும் குறிப்பிட்டிருக்கிறார். அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் தாய்மாமனோ, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இடத்துக்காக முகவரிடம் 50,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். மீதிப் பணத்துக்கு இரண்டு ஏக்கர் காப்பிக்காட்டை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார் தந்தை. அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, அவருக்கு எழுதிய பதிலை இங்கே தருகிறேன்.

ஐயா, முதல் பட்டதாரியாகிய மகள் தவறான படிப்பில் சிக்கிவிடக் கூடாது என்னும் உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. காட்டை அடகு வைக்காதீர்கள். முகவரிடம் கட்டிய பணம் திரும்பி வராமல் போனாலும் பரவாயில்லை. 50,000 போனது என்பதற்காக மேலும் பல இலட்சத்தை அதன் பின்னால் அனுப்புவதில் எந்தக் கணக்கும் இல்லை.

எம்.பி.ஏ. என்பது படிக்கும் நிறுவனத்தைப் பொறுத்தே மதிப்புப் பெறும் பட்டம். முகவர் வழியாகப் பணம் கட்டிய எவருக்கும் கிடைக்கும் இடத்தை, வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் அப்படித்தான் எடை போடுவார்கள். அத்தகைய கல்லூரிகளின் வளாகத் தேர்வில் பெரும்பாலும் கிடைப்பது காப்பீடோ கடனோ விற்கும் வேலை. அதற்கு உங்கள் மகள் கையில் இருக்கும் இளங்கலைப் பட்டமே போதும். புதிதாக நட்ட காப்பிச் செடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காட்டைப் பணயமாக வைத்து வாங்கத்தக்க பட்டம் இதுவன்று.

பி.எட்., குரூப் தேர்வு, வங்கித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி உறவினர்களே வேண்டிய மட்டும் பேசியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் குறையாகச் சொல்லப்பட்ட ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்: விடுமுறைக்கு வந்தால் ஊராருக்கு மனு எழுதிக்கொண்டும் கிராம சபைத் தீர்மானத்தைப் படித்துக் காட்டிக்கொண்டும் பொழுதைக் கழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் படிக்க விரும்பும் துறைக்கு அதைவிட நல்ல ஆயத்தம் வேறில்லை. நேர்காணல் நடத்தும் பேராசிரியர்கள் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாக அதைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள்.

இந்தப் படிப்பு தொண்டுக்கு ஆள் தயாரிப்பது என்று உங்கள் மைத்துனர் கருதுவதாகத் தெரிகிறது. சட்டம், நிர்வாகம், பொருளாதாரம், மானிடவியல் ஆகிய நான்கையும் ஒரே மலைமேல் வைத்துப் பார்க்கும் படிப்பு இது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து பழங்குடியினர் பயிரிட்டு வரும் வன நிலத்தில், 4 ஹெக்டேருக்கு மிகாமல், அவர்களுக்கு உரிமை உண்டு என்றும், அந்தக் கோரிக்கையைப் பெற்று முதலில் சரிபார்க்க வேண்டியது கிராம சபையே என்றும் அது சொல்கிறது. ஆயினும் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது 2008இல் வந்த நீதிமன்ற இடைக்கால ஆணையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் வழி திறந்தது. ஒரு சட்டம் ஊர் வரைக்கும் வந்து சேர எங்கெங்கே தடைபடுகிறது, எந்த ஆவணம் இருந்தால் கோரிக்கை நிற்கும், எது இல்லாவிட்டால் தள்ளுபடியாகும் என்பதை முறையாகக் கற்றவர்கள் மலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மிகப் பெரிய பிரிவு மலையாளிகளே, 3,57,980 பேர். ஆனால் பழங்குடிப் பட்டியல் மலையாளிகளை மாவட்டவாரியாகக் குறிப்பிடுவதால், சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடியினராக இருப்பவர்களின் உறவினர்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் அந்தத் தகுதி இல்லாமல் பல பத்தாண்டுகளாகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழங்குடியினர் மிகுந்தவை என்று அரசியலமைப்பின்படி அறிவிக்கப்படும் பட்டியல் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் சட்டமும், தமிழ்நாட்டில் பட்டியல் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படாததால், உங்கள் சேர்வராயன் மலைக்குப் பொருந்தாது. இவை வகுப்பறையில் பேசி முடிக்கும் செய்திகள் அல்ல. உங்கள் மகள் மனு எழுதும்போதெல்லாம் கைக்குத் தட்டுப்படும் முட்டுக்கட்டைகள்.

பொருளாதாரப் பக்கமும் உண்டு. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர்கள் விளைவிக்கும் அராபிகா காப்பி 2019இல் புவிசார் குறியீடு பெற்றுத் தன் பெயரிலேயே விற்கப்படுகிறது. ஏற்காட்டிலோ காப்பியின் புகழ் பெரிய எஸ்டேட்டுகளோடு நின்றுவிட, சிறு காட்டுக்காரர் தம் காப்பியையும் மிளகையும் வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்கிறார். அரக்குப் பள்ளத்தாக்கில் கூட்டுறவு எப்படிக் கட்டப்பட்டது, தரம் பிரிப்பது யார், இலாபம் எந்தக் கையில் தங்குகிறது என்று கேட்டுக் கணக்குப் பார்க்கக் கற்பிப்பதும் இதே படிப்புதான். எம்.பி.ஏ.யில் சந்தையியல் இருக்கிறதே என்று உங்கள் மைத்துனர் கேட்டால், உங்கள் காட்டு மிளகுக்குப் பயன்படும் சந்தையியல் இதுவே என்று சொல்லுங்கள். சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கிய காலத்தில், மலைமேல் இருந்தவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதும் இந்தப் பாடத்துக்குள் வரும் கேள்விதான்.

எங்கே படிக்கலாம் என்பதற்கு வருகிறேன். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணி முதுகலையின் கீழ் தலித், பழங்குடி ஆய்வுக்கெனவே ஒரு பிரிவு உண்டு. வாரந்தோறும் களப்பணி கட்டாயம். மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில் 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியப் பழங்குடிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டணம் குறைவு, ஆனால் சுற்றிலும் இந்தி மட்டுமே, அதற்கு மகள் ஆயத்தமா என்று அவரையே கேளுங்கள். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் மேம்பாட்டு முதுகலை, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி தருகிறது. வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டுமென்றால், திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தின் ஊரக வளர்ச்சிப் படிப்புகள் உள்ளன. என் பரிந்துரை முதலில் மும்பை, அடுத்தது பெங்களூரு. களப்பயிற்சிக்கு அவர் தொலைவு போக வேண்டியதில்லை: தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்டிலிங்கியில் 1993இல் ஒரு மருத்துவத் தம்பதியர் தொடங்கிய பணி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே நலப் பணியாளர்களாகப் பயிற்றி மருத்துவமனையாகவும், பிறகு இயற்கை உழவர் சங்கமாகவும் வளர்ந்திருக்கிறது. உங்கள் மக்களைப் போன்ற மலையாளிகள் நடுவிலேயே அது நடக்கிறது.

மகள் குறிப்பிட்டிருக்கும் கனடாப் படிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வின்னிபெக் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி மேம்பாட்டை மையமாகக் கொண்ட மேம்பாட்டுச் செயல்முறை முதுகலை உண்மையில் இருக்கிறது. களப்பயிற்சியோடு கூடிய நல்ல படிப்பு. 1871இல் பூர்வகுடிகளோடு முதலாம் உடன்படிக்கை கையெழுத்தான நிலப்பகுதி அது. நீர்மின் அணைகளால் நிலத்தை இழந்த கிரீ என்னும் பூர்வகுடி மக்களோடு 1977இல் செய்யப்பட்ட வெள்ள உடன்பாடு இன்றும் பேசப்படும் மாகாணம். ஐ.நா.வின் 2007ஆம் ஆண்டுப் பழங்குடி உரிமைப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்த நாடு, 2021இல் அதைச் செயற்படுத்தத் தன் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றியது எப்படி என்பதை அங்கேயே இருந்து கற்பது பெரிய வாய்ப்பு. இருந்தாலும் இப்போது வேண்டாம் என்கிறேன். கல்விக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் மாணவர் காட்ட வேண்டிய தொகை 2024 தொடக்கத்தில் 20,635 கனடிய டாலராக உயர்ந்து, அதன் பிறகும் ஏறியிருக்கிறது; அதுவே 12 இலட்சம் ரூபாய்க்கு மேல். கடன் வாங்கிப் போனவர் அந்தக் கடனை அடைப்பதற்காகவே அங்கே ஏதேனும் ஒரு கடையில் நின்றுவிடுவார். படித்தது எதற்காகவோ அது நடக்காது. இந்தியாவில் முதுகலை முடித்து, மூன்று நான்கு ஆண்டுகள் களத்தில் வேலை செய்தபின், நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கோ தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துக்கோ விண்ணப்பித்துப் போகட்டும். முன்னதில் ஆண்டுக்கு 20 பேருக்குத்தான் இடம். அனுபவத்தோடு விண்ணப்பிப்பவருக்கே எடுத்துச் சொல்லப் பொருள் இருக்கும்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் தொடக்கச் சம்பளம் ஒரு வங்கி அலுவலருடையதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். பழங்குடி உழவர்களுக்குப் பழத்தோட்டம் அமைத்துத் தரும், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் திட்டங்களிலும், மகளிர் வாழ்வாதார இயக்கத்திலும், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் விதித்த சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் பணிகளிலும் ஆள் தேவைப்படுகிறது. அவற்றில் பல ஒப்பந்த வேலைகளே. மகளின் சம்பளத்தை நம்பி வீட்டில் கடன் எதுவும் இல்லாதவரை அந்த வேலைகளில் தாக்குப்பிடிக்கலாம். காடு அடகில் இருந்தால் முடியாது.

மைத்துனரிடம் எதிர்த்துப் பேச உங்களுக்குத் தயக்கம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. முன்பணத்தை அவர் தந்தார் என்றால் அதை நீங்கள் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு ஈடாக மகளின் இரண்டு ஆண்டுகளைக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியவை. கோட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே மனு கொடுங்கள், கள விசாரணைக்கே நாளாகும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புகளுக்கான அரசு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழையும் சேர்த்தே வாங்குங்கள். எந்த நிறுவனமானாலும், கட்டணத்தை முன்னதாகக் கட்டிவிட்டுப் பின்னர் திரும்பப் பெற வேண்டுமா, உதவித்தொகை வரும்வரை காத்திருப்பார்களா என்பதைச் சேர்க்கைக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தோடு அனுப்பும் தன்விளக்கத்தை மகளே எழுத வேண்டும். முதலில் தமிழில், தான் எழுதிய மனுக்களுள் எது வென்றது, எது தோற்றது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்பினால், படித்துப் பார்த்து ஆங்கில வடிவத்துக்கு உதவுகிறேன், கட்டணம் வேண்டாம்.