அம்மாவின் திண்ணைக்கு ஒரு கூத்து

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கம். அம்மாவுக்கு 78 வயது. திரௌபதி அம்மன் திருவிழாவில் ஒரு ராத்திரிக் கூத்தைக்கூட விட்டதில்லை. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு திண்ணையைத் தாண்டவில்லை. இந்த வருடம் தம்பி வீடியோ கால் போட்டுக் கூத்தைக் காட்டினான். கால் மணி நேரத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல கேமரா வைத்து எடுத்தால் பார்ப்பாரா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்ப்பார், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

நாடகத்தை வீட்டிலிருந்தே அனுபவிக்கும் ஆசை பழையது. 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், ஆப்பெரா மேடையிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து, இரண்டு காதுக்கும் குழல் வைத்துப் பாட்டுக் கேட்டார்கள். 2020 ஊரடங்கில் லண்டன் நேஷனல் தியேட்டர் வாரம் ஒரு நாடகப் பதிவை யூடியூபில் இலவசமாகக் கொடுத்தது. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே பார்க்கிறவர் இருட்டில் உட்கார்ந்திருப்பவர். கூத்தில் ஆடுகிறவருக்கும் நம் முகம் தெரியும்.

அப்பாவின் கருமாதிக்கு முந்தின இரவு எங்கள் வாசலில் கர்ணன் சாவைச் சொல்லும் கர்ணமோட்சம் கூத்து வைத்தோம். இரண்டு பேர் திரை பிடிக்க, கர்ணன் உள்ளேயிருந்து பாடிக்கொண்டே வந்தார். பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்தபோதே பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் குந்தி, செத்த மகனை மடியில் போட்டு அழுதாள். திண்ணையிலிருந்த என் அம்மாவும் கூடவே ஒப்பாரி எடுத்துவிட்டார். குந்தி வேஷக்காரர் நிறுத்தவில்லை. அம்மா பக்கமாகத் திரும்பி அதே அடியை இன்னொரு தரம் பாடினார். ஆர்மோனியம் வாசிக்கிற பெட்டிக்காரரும் சுருதியை விடாமல் பிடித்திருந்தார். அம்மா ஓயும்வரை கூத்து அங்கேயே நின்றது. அதற்கு முன் பதினைந்து நாளும் அம்மா வாய்விட்டு அழவில்லை.

உங்கள் அம்மா போனில் தேடியது இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான் என்று எனக்குப் படுகிறது.

அதனால் கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஜமாவையே, அதாவது கூத்துக் குழுவையே, வீட்டுக்குக் கூப்பிடுங்கள். விடிய விடிய வேண்டாம், அம்மாவின் உடம்புக்கு இரண்டு மணி நேரம் போதும். மத்தளம், பெட்டி, தாளம், முகவீணை என்ற சிறிய ஊதுகருவி கிடைத்தால் அதுவும், நான்கு வேஷம். தெரு அடைத்துப் பந்தல் எல்லாம் தேவையில்லை, திண்ணைக்கு எதிரே பத்தடி இடம் இருந்தால் ஆடுவார்கள். கர்ணமோட்சம் மட்டும் கேட்காதீர்கள். துக்க வீட்டுக் கூத்து அது, அம்மாவின் மனசு சங்கடப்படும். திரௌபதி கல்யாணம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் ஆட்டக்காரர்களுக்கு வேலை குறைவு, தேதி எளிதாகக் கிடைக்கும். பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுங்கள், அப்புறம் வயிறாரச் சாப்பாடும் போடுங்கள்.

கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளியான கட்டியக்காரர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவின் பெயரை அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.