777 கொடுத்ததை முதலில் திரும்பப் பெறுங்கள்
சத்துவாச்சாரி நண்பரே, பழைய வட்டிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு நகலெடுத்த கடைக் கணக்குக் கோப்புகளைத் திறக்க முடிந்தது, சேமிக்க முடியவில்லை, அதனால் 777 அனுமதி கொடுத்தேன் என்கிறீர்கள். கோப்பு யாருடையது என்பதற்கு லினக்ஸ் பெயரைப் பார்ப்பதில்லை, பயனர் எண்ணைத்தான் பார்க்கிறது. கட்டளைத் திரையில் 'எல்எஸ் -எல்என்' (ls -ln) கொடுங்கள். மூன்றாவது நெடுவரிசையில் 1001 இருந்தால் அது பழைய கணினியில் உங்கள் எண். உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000. 'ஐடி' (id) என்று தட்டினால் உறுதியாகிவிடும்.

அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு 'சூடோ சிஎச்-ஓன் -ஆர் 1000:1000 .' (sudo chown -R 1000:1000 .) என்று கொடுங்கள், கோப்புகள் உங்கள் பெயருக்கு மாறிவிடும். ஆர் பெரிய எழுத்து. கடைசிப் புள்ளியின் இடத்தில் தவறிச் சாய்கோடு விழுந்தால் கணினியே படுத்துவிடும், நான் பட்டிருக்கிறேன்.

யாரோ சொன்னார் என்று 777 கொடுத்தீர்களே, அது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தருவது; வேலூர்க் கோட்டைக்கு அகழி வெட்டிவிட்டு வாசலைத் திறந்துபோட்ட கதை. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 எனத் தனித்தனியாக மாற்றுங்கள்; அப்போது நீங்கள் மட்டுமே மாற்றி எழுத முடியும். கோப்புறைக்கும் 644 கொடுத்தால் உள்ளேயே நுழைய முடியாது.