கூட ஓடுகிறவரிடம் கேட்காதீர்கள், தம்பி

உப்புவெளித் தம்பிக்கு,

லண்டனுக்குப் படிக்க வந்து மூன்று மாதம், ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டில் இருக்கிற எங்கட பெடியளே பகுதிநேர வேலை எங்கே இருக்கென்று வாய் திறக்கிறார்கள் இல்லை, ஊரில் இப்படி இல்லையே அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். அறை வாடகை, குளிருக்கு என்ன ஜாக்கெட் என்பதெல்லாம் கடைத்தெருவில் நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். வந்த புதிதில் என்னை அழவைத்தது உங்கட முதல் கேள்விதான். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஊரிலும் இப்படித்தான் தம்பி. திருகோணமலையில், பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தை யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழக இடங்களில் 55 சதவீதம் மாவட்டக் கணக்கில் போகிறது. கொழும்புப் பிள்ளை மூன்று ஏ எடுத்தாலும் எங்களுக்குப் பெரிய பயமில்லை. எங்கட மாவட்டத்து இடத்துக்கே போட்டியான, பக்கத்து வாங்கில் இருக்கிறவளின் இசட் புள்ளிதான் (பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற புள்ளி) பயம். என்னோடு டியூசனுக்குச் சைக்கிளில் வந்த சிநேகிதி, மட்டக்களப்பில் இருந்த மச்சாளுக்கு மாதிரி வினாத்தாள்களை பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். நான் கேட்டால் இல்லை என்பாள். மச்சாள் வேறு மாவட்டம், நான் அவளுடைய மாவட்டம், அவ்வளவுதான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவிரவாக என்னோடு முழித்திருந்தவளும் அந்தச் சிநேகிதிதான்.

இங்கே உங்கட வீட்டுப் பெடியனுக்கும் அதே நிலைமை. மாணவர் விசாவில் தவணை நாட்களில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை. அவனுடைய கடைக்கு நீங்களும் போனால் அந்த மணித்தியாலங்களை முதலாளி இரண்டாகப் பிரித்துவிடுவாரோ என்று அவன் பயப்படுகிறான். அவனுக்கும் கம்பஸ் காசு கட்டவேண்டும். அவனைக் கோபிக்காதீர்கள், அவனிடம் கேட்கவும் வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது வேறு ஆட்களில். வீடும் வாங்கி, பாஸ்போட்டும் எடுத்து, ‘நாங்கள் பட்டதை நீங்களும் படுங்கோ’ என்கிற ஆட்கள். அவர்களுக்கு என்ன பறிபோகப்போகிறது? பிள்ளையை கிராமர் ஸ்கூலில் சேர்க்கும் பரீட்சை வந்தால், கோயிலில் பக்கத்தில் நிற்கிற தாய்க்குக்கூட டியூசன் வாத்தியாரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். இதை நான் கண்ணால் கண்டு வெறுத்திருக்கிறேன்.

இன்னொரு ஆள் வருவார், அவரிடம்தான் மிகக் கவனம். கேட்காமலே உதவுவார், வேலை விசாவுக்குக் கம்பனி ஸ்பொன்சர் எடுத்துத் தருகிறேன், இத்தனை ஆயிரம் பவுண் தா என்பார். ஸ்பொன்சர் உரிமம் உள்ள கம்பனிகளின் பட்டியல் அரசாங்க இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கலாம். முதலில் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், ஸ்பொன்சர் சான்றிதழ்க் கட்டணத்தை முதலாளி உங்களிடம் அறவிட முடியாது. 2025 ஜூலையிலிருந்து அந்த வேலை விசாவுக்குப் (ஸ்கில்ட் வேர்க்கர் விசா) பொதுவாக ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண் வேண்டும், படித்து முடித்த கையோடு போகிறவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டிக்கடை வேலைக்கு இதை வாங்கித் தருவேன் என்கிறவரை நம்பிவிடாதீர்கள்.

பிறகு யாரிடம்தான் கேட்பது? வேறு துறையில் இருக்கிறவரிடம் கேளுங்கள். ‘ஏதாவது வேலை இருக்கா’ என்று கேட்டால் ஆள் நழுவிவிடும். ‘உங்கட இடத்து மனேஜரின் பெயர் என்ன, எந்த நாளில் நிற்பார்’ என்று கேளுங்கள், அதைச் சொல்ல ஒருவருக்கும் ஒரு நட்டமுமில்லை. எனக்கு முதல் வேலை காட்டியவர் டெலிவரி வான் ஓடிய மூதூர் நானா ஒருவர். திருகோணமலை என்றதும், கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்தி, ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற பாதையில் (மிதவைப் படகில்) ஏறக் காத்துக்கிடந்த கதையைத் தொடங்கிவிட்டார். அரை மணித்தியாலம் கதைத்தோம். போகும்போது, தான் சாமான் இறக்குகிற முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று விலாசம் எழுதித் தந்தார். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டேதான் கணக்கியல் பரீட்சைகளை முடித்தேன். இன்று நகரசபை ஒன்றில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன்.

நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. கணக்கியல் என்றால் சிவியை எனக்கே அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். வேறு துறை என்றாலும் எழுதுங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுப்பார்க்கிறேன்.