மாடி அறைக்கு வாடகை கொடுத்தார்களா?

கேள்வி: என் மகன் மென்பொருள் கம்பெனியில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறான். 2020 மார்ச்சில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தான். மாடியில் ஓர் அறை எடுத்து, ஏசி மாட்டி, இன்வெர்ட்டர் வாங்கி, ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு இன்டர்நெட் கனெக்‌ஷனும் போட்டுக் கொடுத்தோம். மூன்று வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தான். 'சிறந்த ஊழியர்' என்று மெயிலில் சான்றிதழ்கூட வந்தது. அப்புறம் திடீரென்று, வாரம் ஐந்து நாளும் சென்னை ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு சில கம்பெனிகள் இன்றைக்கும் வீட்டிலிருந்தே வேலை வாங்குகின்றன. வேலையில் குறை இல்லை என்று அவர்களே சொல்லும்போது எதற்காகக் கூப்பிடுகிறார்கள்? ஊழியர் மேல் நம்பிக்கை இல்லையா?

— பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

பதில்: நம்பிக்கை, பண்பாடு, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பவை சுற்றறிக்கையில் வருகிற வார்த்தைகள். அவற்றை வைத்துக்கொண்டு யோசித்தால் உங்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும். ஆள் கிடைக்காமல் அலைகிற காலத்தில் கம்பெனிக்கு உங்கள் வீடு இனிக்கும். ஆள் வரிசையில் நிற்கிற காலத்தில் ஆபீஸ் இனிக்கும். நான் பார்த்தவரை முக்கால்வாசி விஷயம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

மகன் எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை. அது நல்லதுதான். ஊருக்கே தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டிசிஎஸ் 2020-ல் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2025-க்குள், எந்த நேரத்திலும் ஊழியர்களில் 25 சதவீதத்துக்கு மேல் ஆபீசில் இருக்கத் தேவையில்லை என்றார்கள். எல்லோரும் கைதட்டினோம். 2022 செப்டம்பர் காலாண்டில் அங்கே அட்ரிஷன், அதாவது முந்தைய பன்னிரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம், 21.5 சதவீதம். ஐந்து பேரில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார். ஒரு வருடம் கழித்து அது 14.9 ஆக இறங்கியது. அந்த அக்டோபரில்தான் வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்ற உத்தரவு வந்தது. 2024-ல் இன்னும் ஒரு முறுக்கு: வருகை 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டுக்கு வேரியபிள் பே, அதாவது சம்பளத்தில் ஏறி இறங்குகிற பகுதி, கிடையாது, 85-ஐத் தாண்டினால்தான் முழுசாகக் கிடைக்கும்.

கம்பெனி இதற்குச் சொன்ன காரணம் வேறு. கொரோனா காலத்தில் சேர்ந்தவர்கள் பழைய ஆட்களோடு கலந்து பழக வேண்டும் என்றார்கள். அதையும் பொய் என்று தள்ளமாட்டேன், பிறகு வருகிறேன். ஆனால் 2020-க்கும் 2023-க்கும் நடுவில் கீபோர்டு மாறவில்லை, கிளையன்ட் மாறவில்லை. மாறியது வேலைச் சந்தை. பேரம் பேசுகிற கை ஊழியர் பக்கத்திலிருந்து கம்பெனி பக்கம் போய்விட்டது. இது என் கணக்கு, அவர்கள் சொன்னதல்ல.

உங்கள் கடிதத்திலேயே இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அறை எடுத்தது நீங்கள், ஏசி நீங்கள், இன்வெர்ட்டர் நீங்கள், இரண்டு கனெக்‌ஷனுக்கும் பில் நீங்கள். மூன்று வருடம் அந்தக் கம்பெனிக்குச் சங்கரன்கோவிலில் ஒரு கிளை இருந்தது. வாடகை கொடுத்தார்களா? கரண்ட் பில்? இதைக் கேட்கத் தோன்றாமல், பையன் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறானே என்று நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான்.

சரி, வீட்டில் இருந்தால் வேலை கூடுகிறதா, குறைகிறதா? இரண்டு ஊரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், இரண்டு பதில் வந்திருக்கிறது.

முதலாவது ஷாங்காய். சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டுக் கம்பெனியின் கால் சென்டரில் ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம் நடத்திய சோதனை. ஆபீஸ் வாடகை ஏறிக்கொண்டே போனது கம்பெனி அதற்குச் சம்மதித்ததற்கு ஒரு காரணம். விருப்பம் சொன்னவர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தால் வாரம் நாலு நாள் வீடு, ஒற்றைப்படையாக இருந்தால் வழக்கம்போல ஆபீஸ். வீட்டில் இருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். அதில் 9 சதவீதம் எப்படி வந்தது தெரியுமா? கூடுதல் நேரம் உட்கார்ந்ததால். இடைவேளையும் லீவும் குறைந்துபோயின. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் அதே அளவு வேலை செய்தும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவன் பெயர் மேலதிகாரிக்கு ஞாபகம் வருவதில்லை. சோதனை முடிந்து 'இனி உங்கள் இஷ்டம்' என்றதும் பாதிக்கு மேற்பட்டோர் இடம் மாறினார்கள். தனிமை தாங்காமல் ஆபீசுக்குத் திரும்பியவர்களும் அதில் உண்டு.

இரண்டாவது நம்ம சென்னை. டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரை ஆபீசிலும் உட்கார வைத்தார்கள் பொருளாதார அறிஞர் டேவிட் அட்கினும் கூட்டாளிகளும். வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அந்த இறக்கத்தில் பெரும்பகுதி முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வீடுதான் வேண்டும் என்று கேட்டவர்கள் ஆரம்பத்தில் மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமும் துல்லியமும் உள்ளவர்கள். வீட்டில் உட்கார்ந்ததும் அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகச் சறுக்கினார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வீடுதான் வேண்டும் என்று நம்மூரில் கேட்பவர் யார்? கைக்குழந்தை உள்ளவர், படுக்கையில் மாமியார் உள்ளவர். குக்கர் மூணாவது விசில் அடிக்கும்போது அழைப்பை மியூட்டில் போட்டுவிட்டு ஓடுகிறவர். கதவைத் தட்டும் கூரியர்காரர், "வீட்டுலதானே இருக்கே, ரேஷன் கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்" என்கிற அப்பா. மாடி அறையும் ஏசியும் உள்ள உங்கள் மகன் பாக்கியசாலி. ஒரே அறையில் நாலு பேர் இருக்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு ஆபீஸ்தான் ஒன்பது மணி நேர விடுதலை.

இரண்டு சோதனையிலும் வேலையை எண்ணிவிடலாம் என்பதைக் கவனியுங்கள். இத்தனை ஃபோன் அழைப்பு, இத்தனை வரி டைப். எண்ண முடிகிற வேலை என்றால் கம்பெனிக்கு நீங்கள் ஷாங்காயில் இருந்தாலும் ஒன்றுதான், சங்கரன்கோவிலில் இருந்தாலும் ஒன்றுதான். எண்ண முடியாத வேலையில்தான் தலையை எண்ண ஆரம்பிக்கிறார்கள். நம்மூர் ஐடி சேவைக் கம்பெனிகள் பலவும் கிளையன்ட்டுக்கு விற்பது ஆள்கணக்கும் மணிக்கணக்கும். விற்கிற சரக்கு கண்ணெதிரே இருக்கட்டும் என்று கடைக்காரர் நினைப்பது இயல்பு. நடுவில் உள்ள மேனேஜர் பாடு இன்னும் மோசம். குறுக்கும் நெடுக்கும் நடந்து, யார் சீட்டில் இல்லை என்று பார்ப்பதே பாதி வேலையாக இருந்தவருக்கு, சீட்டே இல்லை என்றால் என்ன செய்வார்? அதே சிட்ரிப், டிரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, 2021-ல் மறுபடி ஒரு சோதனை நடத்தியது. 1,612 பேர், சிலருக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் வீடு. தொடங்கும் முன் மேனேஜர்களைக் கேட்டபோது, வேலை 2.6 சதவீதம் குறையும் என்றார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், 1 சதவீதம் கூடும் என்றார்கள். அளந்து பார்த்ததில் வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விட்டுப் போகிறவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதாவது மாறியது மேனேஜர்களின் பயம்தான்.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். இப்போது ஆபீசுக்கு வரும் பிள்ளைகள் சோழிங்கநல்லூர் டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து, கேட்டில் அட்டையைத் தேய்த்து, சீட்டில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு புனேயில் இருப்பவரோடு வீடியோவில் பேசுகிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் அமெரிக்காவோடு பேசுகிறார். கலந்து பழகுவது காபி மெஷின் பக்கத்தில் நாலு நிமிடம்.

புதியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. அங்கே கம்பெனி பக்கம் நியாயம் இருக்கிறது. நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. எதிர் மேசையில் தலைமை ஆசிரியர் வேறு ஒருவரைத் திட்டுவதைக் கேட்டே தலைப்பு எழுதக் கற்றேன். அவர் ஒரு புரூஃபைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார் என்றால் எங்கோ ஒரு ஒற்று விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கண்ணாடி ஏறுவதை எந்த வீடியோ அழைப்பிலும் பார்க்க முடியாது. கல்லூரி முடித்து நேரே படுக்கையறையில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது கிடைக்காமல் போனது நிஜமான நஷ்டம். ஆனால் உங்கள் மகனுக்கு எட்டு வருட அனுபவம். அவனைக் கூப்பிடுவது கற்றுக்கொள்ள அல்ல, கற்றுக்கொடுக்க. அப்படியென்றால் அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதற்கு நேரமும் ஒதுக்க வேண்டும். அட்டை தேய்ப்பதை எண்ணினால் போதாது.

சட்டமும் கொஞ்சம் உண்டு. ஏற்றுமதிக்காக அரசு ஒதுக்கிய சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கும் கம்பெனிகள் அந்த வேலிக்குள் வேலை நடக்கிறது என்பதால்தான் சலுகை பெறுகின்றன. வீட்டிலிருந்து வேலை பார்க்க 2022 ஜூலையில் தனி விதியே போட வேண்டியிருந்தது: பாதிப் பேர் வரை, ஒரு வருடம் வரை. பிறகு அதைத் தளர்த்தினார்கள். காலியாகக் கிடக்கும் கட்டடத்தை நிரப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று டீக்கடையில் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை ஒன்றுதான். வந்தால் ஏசி, கேன்டீன், வேன் என்று செலவு கூடத்தான் செய்யும்.

கூப்பிடுவதே போகச்சொல்லத்தான் என்பதும் உண்டு. அமெரிக்காவில் 2024 நவம்பரில், அரசுச் செலவைக் குறைக்க டிரம்ப் தேர்ந்தெடுத்திருந்த ஈலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் இதை மறைக்காமல் ஒரு நாளிதழில் எழுதினார்கள்: அரசு ஊழியர்களை ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச்சொன்னால் பலர் தாமாகவே விலகுவார்கள், அதை வரவேற்கிறோம் என்று. நோட்டீஸ் கிடையாது, நஷ்டஈடு கிடையாது, ராஜினாமா கடிதத்தை ஊழியரே டைப் அடித்துக் கொடுப்பார். கம்பெனிகள் இவ்வளவு வாய்விட்டுச் சொல்வதில்லை.

வீட்டு வேலையை விடாமல் வைத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தாலும் கணக்கு புரியும். வலைத்தளம் அமைத்துக்கொள்ள உதவும் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் கம்பெனி, 2017-ல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பெரிய ஆபீசை யாரும் வருவதில்லை என்று மூடியது. அவர்கள் விற்பது மணிக்கணக்கை அல்ல, மென்பொருளை. முடிவு, வாக்குவாதம், திட்டு எல்லாமே எழுத்தில் நடக்கும். உங்கள் மாவட்டத்திலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ மூன்றாவது வழியைக் காட்டியது. ஆளை வீட்டில் உட்கார வைக்காமல், ஆபீசை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கொரோனாவுக்குப் பல வருடம் முன்பே. அதுவும் சொந்த மென்பொருள் விற்கிற கம்பெனி என்பது தற்செயல் இல்லை.

மகன் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சான்றிதழைக் காட்டி வாதாட வேண்டாம். அது 2021-ன் விலைச்சீட்டு. தன் டீமில் போன வருடம் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், அந்த இடத்துக்கு எத்தனை நாளில் ஆள் கிடைத்தது என்று விசாரிக்கட்டும். மூன்று மாதமாக ஆள் கிடைக்காமல் திண்டாடுகிற டீம் என்றால், வாரம் இரண்டு நாளாவது வீடு என்று கேட்டால் கிடைக்கும். ஒரே வாரத்தில் கிடைக்கிறது என்றால் வேளச்சேரியில் அறை பார்க்கட்டும்.

நீங்கள் இன்வெர்ட்டரை மட்டும் விற்றுவிடாதீர்கள். அட்ரிஷன் மறுபடி இருபதைத் தொடுகிற அன்றைக்கு அதே சுற்றறிக்கை திரும்பி வரும். பேட்டரிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வையுங்கள்.