டிவி நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்துக்கு ஏன் தொடங்குவதில்லை? உங்களுக்கும் இது எரிச்சல் தருகிறதா?

எரிச்சலா? எங்கள் வீட்டில் இதனால் தினமும் பஞ்சாயத்து. அம்மா ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். ஒன்பதரை மணி சீரியலை செட்டாப் பாக்ஸில் ரெக்கார்டு போட்டு வைப்பது என் பொறுப்பு. காலையில் போட்டால் முதலில் வருவது முந்தைய சீரியலின் கடைசிக் காட்சி. மாமியார், மருமகள், வாசலில் பெட்டியோடு நிற்பவர் என்று மூன்று முகங்களை மாறி மாறிக் காட்டி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அப்புறம் 'நாளை', அப்புறம் விளம்பரம், அதற்கும் அப்புறம்தான் நம் சீரியல். கடைசியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், கதாநாயகி திறக்கப் போகிறாள், ரெக்கார்டிங் முடிந்துவிடுகிறது. "யாருடா வந்தது?" என்று அம்மா என்னைக் கேட்பார், ஏதோ நான்தான் திரைக்கதை எழுதுவது போல.

கிரிக்கெட் மேட்ச் இழுத்துக்கொண்டு போனால் யாரையும் குறை சொல்ல முடியாது. தூர்தர்ஷனில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறைதானே நாம்! ஆனால் சீரியல் அப்படியில்லை. முன்கூட்டியே எடுத்து, எடிட் செய்து, இத்தனை நிமிடம் என்று அளந்து வைத்திருப்பது. அது தினமும் தள்ளிப் போனால், தெரிந்தே தள்ளுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

காரணம் டிஆர்பி. யார் எந்த சேனலை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று 2015 முதல் பார்க் (BARC) என்ற அமைப்பு நிமிடக் கணக்கில் அளக்கிறது. ஒன்பது மணி சீரியலை 9.34 வரை இழுத்துவிட்டால், நீங்கள் ரிமோட்டை எடுக்கும்போது எதிர் சேனலில் பாதிக் காட்சி ஓடியிருக்கும். சரி, இதிலேயே இருப்போம் என்று இருந்துவிடுவீர்கள். ஒரு சீரியல் முடிந்த கையோடு இடைவேளையே விடாமல் அடுத்ததைத் தொடங்கி, உங்களைக் கதைக்குள் இழுத்த பிறகு விளம்பரம் போடுவதும் இதற்காகத்தான்.

விளம்பரத்துக்கும் வரம்பு இல்லாமல் இல்லை. சேனலின் சொந்த விளம்பரத்தையும் சேர்த்து மணிக்கு 12 நிமிடம்தான். 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதைக் கறாராக அமல்படுத்தப் பார்த்தது. சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை மதியப் படத்தில் வில்லன் சாவதற்கு எத்தனை சோப்பு, எத்தனை மசாலாத் தூள் தாண்ட வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குத் தாமதம் கூடப் பெரிதில்லை. தாமதத்தைச் சொல்லாததுதான் கோபம். திரையில் வரும் அட்டவணை எதுவும் அறியாதது போல 9.30 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது; நம் பெட்டியும் அந்தக் கடிகாரத்தை நம்பியே ரெக்கார்டு செய்கிறது. ஜெர்மனியில் 1985லேயே விபிஎஸ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும்போது ஒளிபரப்போடு ஒரு சங்கேதம் வரும், வீசிஆர் அதைப் பார்த்துத்தான் பதிவைத் தொடங்கும். டேப் காலத்திலேயே முடிந்த வேலை இது.

ஆப்பில் பார்க்கலாமே என்பீர்கள். போன் திரையில் பார்ப்பதெல்லாம் சீரியலே இல்லை என்பது அம்மாவின் கட்சி. அதனால் இப்போது அடுத்து வரும் பத்து மணி சீரியலையும் சேர்த்தே ரெக்கார்டு போட்டுவிடுகிறேன். கதவைத் தட்டியது யார் என்று அதன் முதல் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. ஒரே தொல்லை, அம்மா இப்போது அந்த சீரியலையும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.