அரிசி, ரப்பர், எண்ணெய்த் தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க – சோவியத் பனிப்போரில் இலங்கை மாதிரி சின்ன நாடுகள் வெறும் பகடைக்காய்கள்தானே? (கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்)

பதில்: அப்படிச் சொல்லிவிட்டால் கொழும்பில் ஆண்டவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1952-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் போர் நடக்கிறது. செஞ்சீனாவுக்கு ரப்பர் போகவே கூடாது என்கிறது அமெரிக்கா. கொழும்பில் இருந்ததோ ஐக்கிய தேசியக் கட்சி அரசு. கம்யூனிசம் என்றாலே ஆகாதவர்கள். ஆனால் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது, ரப்பர் விலை இறங்கிக்கொண்டே வந்தது. டட்லி சேனநாயக்கவின் அரசு அந்த டிசம்பரில் சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே சீனா கொடுத்தது. வாஷிங்டனுக்குக் கோபம், உதவி மறுக்கப்பட்டது. கொழும்பு அசரவில்லை.

ஏன் அசரவில்லை என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து (அங்கே வழங்கும் முகத்தல் அளவு) 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏற்றப்பட்டது. 1953 ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூட வேண்டியிருந்தது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அரிசியில் கை வைத்தால் ஆட்சி போகும் ஊரில் வெளியுறவுக் கொள்கையும் அரிசியில் இருந்துதான் தொடங்கும்.

அப்புறம் எண்ணெய். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களின் சொத்தை எடுத்துக்கொண்டு சோவியத் எண்ணெயை இறக்கியது. 1963 பிப்ரவரியில் அமெரிக்க உதவி நின்றது. 1965-இல் டட்லி மறுபடி வந்து இழப்பீட்டைப் பேசி முடித்தார். உதவியும் மறுபடி வந்தது.

கேள்வி: 1987 இந்திய – இலங்கை ஒப்பந்தம் ஈழத் தமிழருக்காகப் போடப்பட்டதா, இந்தியாவின் பாதுகாப்புக்காகவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: இரண்டும்தான் காரணம், ஐயா. ஆனால் இரண்டும் ஒரே எடையில் இல்லை.

நான் கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்தில் மாணவர்கள் ஒப்பந்தத்தைப் படிப்பார்கள், அதோடு சேர்ந்த கடிதங்களை விட்டுவிடுவார்கள். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் அன்றைய இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட அந்தக் கடிதங்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகத்தையும் இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தருவதில்லை; அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் சேர்ந்து நடத்துவது; வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்வது. இவை எதிலும் தமிழர் பேச்சே இல்லை.

இதன் வேர் 1977-இல் இருக்கிறது. ஆட்சிக்கு வந்த ஜெயவர்த்தனா சந்தையைத் திறந்துவிட்டு மேற்குப் பக்கம் சாய்ந்தார். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்குப் புதிய ஒலிபரப்பு நிலையம் கட்ட இடம், அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஓர் அலுவலகம், பயிற்சி தர பிரிட்டனில் இருந்து கூலிப்படையினர் என்று வரிசையாக வந்தன. சோவியத்தோடு 1971-இலேயே உடன்படிக்கை செய்திருந்த டெல்லிக்கு இது உறுத்தியது. 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த தமிழர் படுகொலைக்குப் பிறகு தமிழ் இளைஞர்களுக்கு இங்கே ஆயுதப் பயிற்சி கிடைத்ததில் பரிவு ஒரு பங்கு. ஜெயவர்த்தனாவை வழிக்குக் கொண்டுவரும் கணக்கு பெரிய பங்கு என்பது என் கருத்து.

அந்தத் தொட்டிகளைத் திருகோணமலை சீனக்குடாவில் நேரில் பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியவை. 101 இருந்தன, இப்போது 99. ஒவ்வொன்றிலும் சுமார் 12,000 டன் பிடிக்கும். சாலையை விட்டு உள்ளே போனால் காடு. மரங்களுக்கு நடுவே துருவேறிய இரும்புச் சுவர், கிட்டப் போகும்வரை தொட்டி என்றே தெரியாது. இதற்கு ஏன் இத்தனை அடிதடி என்று தோன்றும். கடல் பக்கம் திரும்பி அந்த இயற்கைத் துறைமுகத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

சரி, தமிழருக்கு என்ன ஆயிற்று? வடக்கு, கிழக்கு மாகாணங்களை இணைத்து, அந்த இணைப்பு நீடிக்கலாமா என்று 1988 டிசம்பர் 31-க்குள் கிழக்கில் வாக்கெடுப்பு என்றது ஒப்பந்தம். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006-இல் உச்ச நீதிமன்றம் இணைப்பையும் செல்லாது என்றது. அமைதி காக்கப் போன இந்தியப் படை புலிகளோடு போரிட்டு 1990 மார்ச்சில் திரும்பியது. நடுவில் சிக்கிச் செத்தவர்கள் யாழ்ப்பாணத்துச் சனங்கள். யாருடைய வாழ்க்கையை அந்தத் தாள் தீர்மானித்ததோ அவர்கள் தரப்பில் அதில் ஒரு கையெழுத்துகூட இல்லை. எனக்கு இது இன்னமும் ஆறவில்லை.

கேள்வி: அமெரிக்காவோடு ஒட்டிக்கொண்ட பாகிஸ்தானுக்கு என்ன லாபம்? (வங்கி ஊழியர், கோவை)

பதில்: ஆயுதமும் பணமும். அவை போய்ச் சேர்ந்த இடம் ராணுவம். 1954-இல் ராணுவ உதவி உடன்படிக்கை, பெஷாவர் அருகே அமெரிக்க உளவு நிலையம். 1960 மே 1 அன்று சோவியத் சுட்டு வீழ்த்திய அமெரிக்க உளவு விமானம் யு-2 பெஷாவரில் இருந்து கிளம்பியதுதான். 1965 போரில் அமெரிக்கா ஆயுதத்தை நிறுத்தியதும் பாகிஸ்தான் சீனாவை இறுகப் பிடித்துக்கொண்டது. 1979 ஏப்ரலில் முன்னாள் பிரதமர் பூட்டோவைத் தூக்கிலிட்ட ராணுவ ஆட்சியாளர் ஜியாவோடு உலகம் பேசத் தயங்கிய நேரத்தில், டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அமெரிக்க அதிபர் கார்ட்டர் தருவதாகச் சொன்ன 40 கோடி டாலரை ஜியா ஏளனமாகத் தள்ளினார். 1981-இல் ரீகன் 320 கோடி தந்தார். சோவியத் படை 1989-இல் வெளியேறியது. மறு ஆண்டே அணுகுண்டைக் காரணம் காட்டி உதவி வெட்டப்பட்டது. அகதிகளும் துப்பாக்கிகளும் பாகிஸ்தானில் தங்கிவிட்டன.

கேள்வி: அணிசேராமையால் உருப்படியாக ஏதாவது நடந்ததா? (வாசகி, திருச்சி)

பதில்: ஓரளவு. 1971 ஏப்ரலில் இலங்கையில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இளைஞர் அமைப்பின் கிளர்ச்சி வெடித்தபோது இந்தியா, பாகிஸ்தான், அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் எல்லாமே மறுபடி பிரதமராகியிருந்த சிறிமாவோவுக்கு உதவின. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாளிலேயே, இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலம் என்ற அவருடைய தீர்மானம் ஐ.நா. பொதுச் சபையில் நிறைவேறியது. அமெரிக்காவும் சோவியத்தும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. அந்த ஆண்டுதான், அதே கடலில் பிரிட்டன் வசம் இருந்த சாகோஸ் தீவுகளில் ஒன்றான தியாகோ கார்சியாவின் மக்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள், அங்கே அமெரிக்கத் தளமும் கட்டத் தொடங்கினார்கள். 2025 மே மாதம் பிரிட்டனும் மோரீஷஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் மற்றத் தீவுகளில் குடியேறத்தான் வழி சொல்கிறது; தியாகோ கார்சியாவில் தளம் இன்னும் 99 ஆண்டு இருக்கும் என்கிறது.